வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிறீர்களா?

"டிக்கெட், விசா எல்லாம் ஓசி" என்று தெரிந்த அக்காவே சொன்னாலும், பாஸ்போர்ட்டைக் கொடுக்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

1. விசிட் விசாவில் விமானம் ஏறாதீர்கள். அதில் வேலை செய்வது அந்த நாட்டில் குற்றம். சம்பளம் தராவிட்டாலும், அடித்தாலும் புகார் கொடுக்கவே பயமாக இருக்கும். துபாயில் இறக்கி, தரைவழியே ஓமனுக்குக் கொண்டுபோய் விட்ட கொடுமைகளும் நடந்திருக்கின்றன. "போனதும் மாத்திக்கலாம்" என்பவரோடு பேச்சை அத்தோடு நிறுத்துங்கள்.

2. ஈ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்குக் குடியேற்ற அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட் என்றால் 30 வயது நிறைந்திருக்க வேண்டும். வயதைத் திருத்தித் தரும் ஏஜென்ட், பிறகு அதையே சொல்லி மிரட்டுவார்.

3. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அரசு நிறுவனம் வழியாகவே போகவேண்டும். தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். தனியார் ஏஜென்ட் கூப்பிட்டால், அங்கேயே விதி மீறல் தொடங்கிவிட்டது.

4. ஒப்பந்தத்தைத் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சம்பளம், ஓய்வு நாள், முதலாளி பெயர் மூன்றும் இருக்க வேண்டும். படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். போன இடத்தில் வேறு தாளை நீட்டினால் இதுதான் சாட்சி.

5. பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டை விடாதீர்கள். 2 ஆண்டுக்கு 275 ரூபாய்தான். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம்.

6. இந்தியத் தூதரக எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி, பாவாடை மடிப்பில் தைத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் முதலில் பறிப்பது செல்போனைத்தான். வீட்டார் அழைக்க, அயலகத் தமிழர் உதவி எண்: 1800 309 3793.