பாலத்தில் நிற்கும் ரயிலா, காட்டு முகாமா? க்ரூகரில் தங்குமிடம் தேர்வோருக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில், ஸ்குகூசா முகாமை ஒட்டி ஓடும் சாபி ஆற்றின் மேல் பழைய ரயில் பாலம் ஒன்று இருக்கிறது. அதன்மேல் வரிசையாக நிற்கும் பெட்டிகள் எங்கும் புறப்படுவதில்லை. அவை விடுதி அறைகள். ‘க்ரூகர் ஷாலாட்டி’ என்னும் இந்த விடுதி 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. பழைய ரயில் பெட்டிகளைச் செப்பனிட்டு உருவாக்கிய 24 அறைகள் பாலத்தின் மேலும், 7 அறைகள் கரையில் உள்ள ‘பிரிட்ஜ் ஹவுஸ்’ கட்டடத்திலும் இருக்கின்றன.

ரயில் இங்கே வந்து நிற்பதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. தங்க வயல்களை எட்டுவதற்காக 1890களில் தொடங்கப்பட்ட செலாட்டி பாதை, ஒப்பந்ததாரர்களின் மோசடியில் பணம் கரைந்து பாதியில் நின்றது. 1909இல் மறுபடி தொடங்கி 1912இல் முடித்தார்கள். 1923இல் தென்னாப்பிரிக்க ரயில்வே இந்தப் பாதை வழியாக ஒன்பது நாள் சுற்றுலா ரயில் ஒன்றை விட்டது. காட்டுப் பகுதியை இரவோடு இரவாகக் கடந்துவிடுவதாகத்தான் முதலில் திட்டம். அப்போதைய சாபி வனவிலங்குக் காப்பகத்தின் தலைமைக் காப்பாளர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன் வலியுறுத்தியதால் ரயில் இங்கே நிற்கத் தொடங்கியது. பயணிகள் வனக்காவலர் துணையோடு சற்றுத் தூரம் நடந்துவிட்டு, தீ மூட்டி அதைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டு, இரவில் பெட்டியிலேயே உறங்கினார்கள். வழியில் ஓர் இடம் என்று நினைத்த காடே பயணிகளுக்கு மிகவும் பிடித்துப்போனது. 1926இல் தேசியப் பூங்கா உருவானதற்கு அந்த மக்கள் ஆதரவும் கைகொடுத்தது. சுற்றுலாக் கார்கள் நுழைந்தது 1927இல்தான். அந்த ஆண்டு வந்தவை மூன்றே மூன்று. பின்னாளில் ரயில்களால் விலங்குகள் அடிபடுவது பொறுக்க முடியாமல் போய், பாதை பூங்காவின் மேற்கு எல்லைக்கு வெளியே மாற்றப்பட்டது. 1970களின் தொடக்கத்துக்குப் பின் பாலம் வெறுமனே கிடந்தது.

ஆக, காடு பார்க்கத் தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறவர் முன்னால் இருக்கும் தேர்வுகள் நான்கு: இந்த நிற்கும் ரயில், அரசு நடத்தும் பொது முகாம், பூங்காவை ஒட்டிய தனியார் காப்பகத்து விடுதி, ஓடும் சொகுசு ரயில். நான்கும் வெவ்வேறு வகை அனுபவங்கள். எது விலை உயர்ந்தது என்பதைவிட, பகல் பொழுதை எப்படிக் கழிக்க விருப்பம் என்பதே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

நிற்கும் ரயிலின் பெருமை அதன் ஜன்னல்தான். பெட்டியின் ஆற்றுப்பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி. கட்டிலில் படுத்தபடியே கீழே ஆறு தெரியும். சாபி வற்றாத ஆறு. கோடையும் மழையுமான அக்டோபர் முதல் மார்ச் வரை கரையெல்லாம் பச்சை மூடிக்கொள்ளும், பறவைகள் பெருகும். மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட குளிர்காலத்தில் புதர்கள் இலையுதிர்ந்து மெலிய, உள்காட்டுக் குட்டைகள் வற்ற, விலங்குகள் ஆற்றைத் தேடி வரும். மணல்திட்டுகளில் முதலைகள் வெயில் காயும், ஆழமான இடங்களில் நீர்யானைகள் மூக்கை மட்டும் நீட்டி மூச்சுவிடும், யானைக் கூட்டம் குட்டிகளை நடுவில் விட்டு ஆற்றைக் கடக்கும். பாலத்துக்கே பணம் கொடுப்பதென்றால் இந்த மாதங்களில் கொடுப்பதுதான் சரி.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பாலம் உயரமானது, எல்லாவற்றையும் மேலிருந்து, தொலைவிலிருந்துதான் பார்க்க முடியும். கூட்டம் எப்படி நகர்கிறது, தாய் எங்கே நிற்கிறது, எது எதற்கு வழிவிடுகிறது என்பதெல்லாம் கீழே ஜீப்பில் இருப்பவரைவிட இங்கே தெளிவாகத் தெரியும். விலங்கின் முகம் நிறையப் படம் எடுக்க விரும்புகிறவருக்கு மட்டும் ஏமாற்றமாக இருக்கும். நல்ல பைனாகுலர் இல்லாமல் இந்த விடுதிக்குப் போவதில் பாதிப் பயன் போய்விடும்.

பெட்டிக்கும் பிரிட்ஜ் ஹவுஸுக்கும் இடையே தேர்வது எளிது. சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கும், உயரம் என்றால் தலைசுற்றுகிறவருக்கும் கரையில் உள்ள அறையே நல்லது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் பெட்டியில்தான் தங்க வேண்டுமென்றால், பாலத்தின் ஓரமாகச் செல்லும் நடைபாதையில் அதிகம் நடக்காதபடி நுழைவாயிலுக்கு அருகான பெட்டியைக் கேட்டு வாங்குவது நலம். பாலத்தின் பக்கவாட்டில் ஆற்றுக்கு மேலாக நீட்டிக் கட்டிய நீச்சல்குளம் இரு வகையினருக்கும் பொது. உணவும், காலையும் மாலையும் திறந்த வாகனத்தில் செல்லும் சஃபாரியும் வாடகையிலேயே அடங்கும். பூங்காவின் பாதுகாப்புக் கட்டணம் தனி.

அந்த சஃபாரி வாகனம் பூங்காவின் பொதுச் சாலைகளில்தான் ஓடும். சாலையை விட்டு இறங்கக் கூடாது என்ற விதி அதற்கும் பொருந்தும். ஸ்குகூசாவிலிருந்து லோயர் சாபி முகாம் வரை ஆற்றோரமாகப் போகும் சாலை விலங்குகள் மிகுந்தது, வண்டிகளும் மிகுந்தது. ஒரு சிங்கம் படுத்திருந்தால் அதைச் சுற்றிக் கார் வரிசை நிற்பது இங்கே சாதாரணம்.

இந்த நெரிசலைத் தவிர்க்க நினைப்பவருக்குத்தான் சாபி சாண்ட் போன்ற தனியார் காப்பகங்கள். க்ரூகருக்கும் சாபி சாண்டுக்கும் நடுவே இருந்த வேலி 1993இல் அகற்றப்பட்டது. விலங்குகளுக்கு எல்லை கிடையாது. வண்டியின் முன்புறத்தில் தனி இருக்கையில் அமர்ந்து தடம் பார்ப்பவர் வழிகாட்ட, வாகனம் சாலையை விட்டிறங்கிப் புதருக்குள் போகும். ஒரு விலங்கின் அருகே எத்தனை வண்டிகள் நிற்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. இருட்டிய பிறகும் விளக்கொளியில் பார்க்கலாம். சிறுத்தையை அருகில் பார்ப்பதற்கு உலகிலேயே பெயர்பெற்ற இடங்களில் இதுவும் ஒன்று. லோண்டோலோசி, மாலாமாலா, சிங்கிட்டா போன்ற பெயர்பெற்ற விடுதிகள் இந்தப் பகுதியைச் சேர்ந்தவை. சிறுத்தைக்காகவே இவ்வளவு தூரம் போகிறவர் பாலத்து ரயிலுக்குச் செலவழிப்பதைவிட இங்கே செலவழிப்பதே புத்திசாலித்தனம்.

மறுமுனையில் ஸ்குகூசா பொது முகாம். க்ரூகரிலேயே பெரியது இதுதான். ஓலை வேய்ந்த வட்டக் குடில்கள், சமைத்துக்கொள்ள வசதி, கடை, பெட்ரோல் நிலையம், உணவகம் எல்லாம் வேலிக்குள்ளேயே கிடைக்கும். பழைய ரயில் நிலையமும் முகாமுக்குள் இருக்கிறது. வாடகை, ஷாலாட்டியில் கேட்பதில் சிறு பகுதிதான். சொந்தமாகவோ வாடகைக்கோ கார் ஓட்டுகிறவருக்கு இங்கே கிடைக்கும் சுதந்திரம் வேறெங்கும் கிடைக்காது: பிடித்த இடத்தில் ஒரு மணி நேரம் நிற்கலாம், பிடிக்காவிட்டால் உடனே கிளம்பலாம். தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40 என்ற வேக வரம்பையும், வாயில் மூடும் நேரத்தையும் கண்டிப்பாக மதிக்க வேண்டும். அனுமதித்த இடங்கள் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கக் கூடாது. இந்தியாவைப் போலவே இடது பக்கம் ஓட்டும் நாடு என்பது நம்மவருக்கு வசதி. சமைத்துச் சாப்பிட முடிவதால் சைவ உணவுக்காரர்களுக்கும் கவலையில்லை. விடுதிகளில் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும்.

ஓடும் ரயிலை விரும்புகிறவர், அதில் விலங்குகள் துணைப்பொருளே என்பதை ஏற்க வேண்டும். பிரிட்டோரியாவுக்கும் கேப்டவுனுக்கும் இடையே சுமார் 1,600 கிலோமீட்டர் ஓடும் ப்ளூ ட்ரெயின் காட்டுவது கரூ வறண்ட நிலத்தின் அழகை. 1989இல் தொடங்கிய ரோவோஸ் ரெயிலின் விக்டோரியா அருவிப் பயணம், ஜிம்பாப்வேயின் வாங்கே தேசியப் பூங்காவின் ஓரமாக 114 கிலோமீட்டர் வளைவே இல்லாத தண்டவாளத்தில் போகிறது. யானை தென்படலாம், ஆனால் ரயில் அதற்காகக் காத்திருக்காது. இதன் சிறிய அறை 7 சதுர மீட்டர், பெரியது 16. இரவு உணவுக்குக் கோட்டும் டையும் அணிந்து வர வேண்டும். பயணத்தையே இன்பமாகக் கருதுபவருக்கு இது ஈடற்றது; காடு பார்க்க மட்டும் போகிறவருக்குப் பொருந்தாது.

கையில் நான்கைந்து இரவுகள் இருப்பவருக்கு ஒரே இடத்தில் தங்குவதைவிடக் கலந்து தங்குவது மேல். ஷாலாட்டியில் இரண்டு இரவு போதும். பாலமும் ஆறும் பழகிவிட்ட மூன்றாம் நாளை, லோயர் சாபி அல்லது சடாரா பொது முகாமில் தங்கி, தாமே கார் ஓட்டிக் கழிக்கலாம். ஸ்குகூசாவுக்கென்றே விமான நிலையம் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்கிலிருந்து காரில் வந்தால் சுமார் ஐந்து மணி நேரம்.

எதைத் தேர்ந்தாலும் இரண்டு விஷயங்களில் அலட்சியம் கூடாது. க்ரூகர் மலேரியாப் பகுதி. மழைக்காலத்தில் போகிறவர் மருத்துவரைக் கேட்டு மாத்திரையைப் புறப்படும் முன்பே தொடங்க வேண்டும். எத்தியோப்பியா போன்ற மஞ்சள் காய்ச்சல் நாடு ஒன்றில் விமானம் மாறும்போது 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால், தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைய முடியாது.