“தானா பேசும்” என்று காத்திருக்காதீர்கள்!



“ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும். அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு.” நம் வீடுகளில் இது சகஜமான பேச்சு. பல ஆண்டுகளுக்கு முன், இரண்டு வயதுப் பையனோடு தடுப்பூசி முகாமுக்கு வந்த ஒரு தாய், “பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறான் சார்” என்றார். “தானா சரியாயிடும்மா, கவலைப்படாதே” என்று சொல்லி அனுப்பியவன் நான்தான். அவர் மறுபடி வந்தபோது பையனுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. வீணான அந்த மூன்று ஆண்டுகளை நினைத்தே இதை எழுதுகிறேன்.

ஆட்டிசம் என்பது என்ன?

மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. பிறரோடு பழகுவது, பேச்சு, சைகை ஆகியவை தாமதப்படும். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். 1943-ஆம் ஆண்டில் லியோ கானர் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதினார். தாயின் பாசக் குறைவால் வருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னதுண்டு, அது தவறு. தடுப்பூசியாலும் வருவதில்லை. அப்படிச் சொல்லி 1998-இல் வெளியான கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?

1. 9 மாதத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காவிட்டால்
2. 1 வயதில் டாட்டா காட்டாவிட்டால்
3. 1½ வயதில் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாவிட்டால்
4. 2 வயதில் “அம்மா வா”, “பால் தா” என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால்
5. வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோனால்

இவற்றில் ஒன்று இருந்தாலே ஆட்டிசம் என்று அர்த்தமில்லை. காது கேட்கிறதா என்பதையும் பரிசோதிக்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. பயிற்சிதான் வழி. பயிற்சியாளர் சொல்லித் தருவதை வீட்டிலும் தினமும் செய்ய வேண்டும். இரண்டு உதாரணங்கள்:

தண்ணீர் கேட்பது: பிள்ளை உங்கள் கையைப் பிடித்துப் பானைப் பக்கம் இழுக்கிறான். டம்ளரை அவன் கண்ணெதிரே பிடித்துக் கொஞ்சம் பொறுங்கள். அவன் கையைப் பிடித்து விரலை நீட்ட வையுங்கள். நீட்டியதும் “தண்ணி!” என்று சொல்லி, உடனே ஒரு வாய் கொடுங்கள். ஒரு வாய்தான்; அப்போதுதான் மறுபடி கேட்பான். நாளாக ஆக உங்கள் பிடியைத் தளர்த்துங்கள்: முதலில் விரல், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை, கடைசியில் தொடவே வேண்டாம். தாகத்தில் அழும் பிள்ளைக்குப் பாடம் நடத்தாதீர்கள், தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள்.

டவுசர் போடுவது: நீங்களே இடுப்புக்குக் கீழ் வரை ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் அவனிடம் விடுங்கள். இழுத்ததும், “அட, நீயே போட்டுட்டியே!” என்று தட்டிக்கொடுங்கள். அது பழகியபின் முழங்காலிலிருந்து, அடுத்துக் கணுக்காலிலிருந்து. ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த சந்தோஷம் அவனுக்கே கிடைக்கும்.

அடித்துத் திருத்தலாமா?

கூடவே கூடாது. 1987-இல் அமெரிக்காவில் லோவாஸ் என்பவர் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதுப் பயிற்சியின் பலனை உலகுக்குக் காட்டியது. ஆனால் அவர் முறையில் அதட்டலும் தொடையில் அடிப்பதும் இருந்தன. இன்று நல்ல பயிற்சியாளர் எவரும் அதைச் செய்வதில்லை. யாருக்கும் தீங்கில்லாமல் கையை உதறிக்கொண்டு நிற்கும் பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம். அது அவனுக்கு ஆறுதல். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் முன்னேற மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். போன மாதத்து உங்கள் பிள்ளையோடு ஒப்பிடுங்கள்.

எங்கே போவது?

அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் மருத்துவக் குழுவிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கேட்டால், அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார். பயிற்சி இலவசம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஆட்டிசம் இடம்பெற்றுள்ளது.

அந்தப் பையன் ஐந்து வயதுக்கு மேல்தான் பயிற்சியைத் தொடங்கினான். விரல் நீட்டித் தண்ணீர் கேட்ட நாளன்று அவன் தாய் என்னிடம் ஓடிவந்து சொன்னார்: “கேட்டுட்டான் சார்!” தாமதமானாலும் பலன் உண்டு. ஆனால் அந்தச் சந்தோஷம் அவருக்கு மூன்று ஆண்டு முன்பே கிடைத்திருக்கலாம்.

சந்தேகமா? இன்றே காட்டுங்கள்!