காது மெஷின் பீரோவில் தூங்கக் கூடாது

அம்மாவுக்கு 71 வயதில் காது மெஷின் வாங்கினோம். காதுக்குப் பின்னால் மாட்டும் வகை இல்லை. அவர் காதுக்கென்றே அச்சு எடுத்துச் செய்து, காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும் வகை. முதல் மூன்று மாதம் அது காதில் இருந்த நேரத்தைவிடப் பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த நேரம்தான் அதிகம். ஏன் என்று கேட்டால், "குத்துதுடீ" என்பார். "என் குரலே குடத்துக்குள்ள பேசற மாதிரி இருக்கு" என்பார். இன்னொரு நாள், "கூவுது" என்பார். மூன்றும் உண்மையான குறைகள். மூன்றுக்கும் வழி இருந்தது, எங்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. அதற்குப் பிறகு ஆறு வருடமாக அம்மாவுடன் சேர்ந்து நான் பழகிக்கொண்டவை இவை.

1. அச்சு கொடுக்கப் போகும் முன், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிக் குறும்பியைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். அச்சு எடுப்பவர் நூல் கட்டிய சின்னப் பஞ்சை உள்ளே வைத்துவிட்டு, பிசைந்த மாவு மாதிரி இருக்கும் சிலிக்கானை நிரப்புவார். சில நிமிடத்தில் இறுகிவிடும். வலிக்காது, காது அடைத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பல்செட் கட்டியவர்கள் அதைப் போட்டுக்கொண்டே அச்சு கொடுங்கள். தாடை எப்படி உட்கார்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்துக் காதுக்குழாயின் வடிவமும் கொஞ்சம் மாறும்.

2. குத்தினால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் வாங்கிய இடத்தில் "போடப் போடச் சரியாகிடும்" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அம்மாவின் காதில் உள்வளைவு சிவந்து, மிளகளவு புண் வந்துவிட்டது. பிறகு வேறொரு ஆடியாலஜிஸ்ட் மெஷினைக் கையில் வாங்கி, புண் இருந்த இடத்துக்கு நேராக ஓட்டின் ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்தார். பத்து நிமிட வேலை! ஓடு பெரும்பாலும் அக்ரிலிக்தான். தேய்க்கலாம், லூசாக இருந்தால் மேலே பூசலாம், எதுவும் சரிப்படவில்லை என்றால் புது அச்சு எடுத்து ஓட்டை மட்டும் மாற்றலாம். முதல் இரண்டு மூன்று நாள் லேசான அழுத்தம் தெரிவது இயல்பு. சிவப்பு, வலி, புண் இயல்பு இல்லை. எத்தனை நாள் வரை ஓட்டை இலவசமாகச் சரிசெய்து தருவார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். டெஸ்ட் எடுப்பவர் ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்றும் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

3. சிவப்புப் புள்ளியோ சிவப்பு எழுத்தோ இருந்தால் வலது காது, நீலம் என்றால் இடது. எந்தக் கம்பெனி மெஷினுக்கும் இதே கணக்குதான். "குங்குமம் எடுக்கற கைப் பக்கம் சிவப்பு" என்று அம்மாவுக்குச் சொன்னேன். அன்றிலிருந்து மாறவில்லை.

4. வாஷ்பேசின் முன்னால் நின்று மெஷினைப் போடாதீர்கள். கை நழுவினால் ஒன்று குழாய்க்குள் போகும், இல்லையென்றால் டைல்ஸில் விழுந்து ஓடு விரியும். அம்மா கட்டிலில் உட்கார்ந்து மடியில் துவாலையை விரித்துக்கொள்வார். வலது காதுக்கு, வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெஷினைப் பிடிப்பார். இடது கை தலைக்குப் பின்னால் சுற்றி வந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுக்கும். மெஷினின் நீண்ட மூக்கு முதலில் உள்ளே போகும். அப்புறம் சாவியைத் திருப்புவதுபோல ஒரு சின்னத் திருகல், லேசான ஓர் அழுத்து. வாயை ஒருமுறை திறந்து மூடுவார், உட்கார்ந்துவிடும். கழற்றும்போது நைலான் நரம்பு இருந்தால் அதைப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். பேட்டரிக் கதவைப் பிடித்து இழுத்தால் கதவு கையோடு வந்துவிடும்.

5. கூவுகிறது, விசில் அடிக்கிறது என்றால் உள்ளே போன சத்தம் வெளியே கசிந்து மறுபடி மைக்கில் ஏறுகிறது என்று பொருள். முதலில் கழற்றிச் சரியாகப் போட்டுப் பாருங்கள், பாதிக்கு மேல் அதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் காதில் குறும்பி அடைத்திருக்கலாம். சத்தம் குறும்பியில் மோதித் திரும்பி வரும். அதுவும் இல்லையென்றால் ஓடு லூசாகியிருக்கும். உடம்பு இளைத்தால் மோதிரம் கழல்வதுபோலக் காதும் மாறும். அம்மா டைபாய்டில் விழுந்து எட்டுக் கிலோ குறைந்தபோது எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. விசிலை நிறுத்துவதற்காகச் சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள், பேச்சும் சேர்ந்து குறைந்துவிடும். போர்வைக்குள்ளோ, யாரையாவது கட்டிப்பிடிக்கும்போதோ கூவினால் மட்டும் கவலைப்பட வேண்டாம், அது இயல்பு.

கையில் எடுத்து உள்ளங்கையில் பொத்தினால் விசில் வருகிறதா என்று பார்ப்பது மெஷினுக்கு உயிர் இருக்கிறதா என்று அறிய நல்ல சோதனை.

6. சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்பது, காதை அடைத்துவிட்டதால் வருவது. விரலால் காதைப் பொத்திக்கொண்டு பேசிப் பாருங்கள், நமக்கும் அப்படியே கேட்கும். இதற்காகத்தான் ஓட்டில் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை மெல்லிய காற்றுத் துளை விட்டிருப்பார்கள். அது அடைத்திருக்கிறதா பாருங்கள். அடைப்பில்லை என்றால் ஆடியாலஜிஸ்ட் துளையை அகலப்படுத்தலாம், கம்ப்யூட்டரில் இணைத்துச் சத்தத்தையும் திருத்தலாம். மீதிக்குப் பழக்கம்தான் மருந்து. முதல் வாரம் வீட்டுக்குள், அமைதியான நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் போடுங்கள். பிறகு கூட்டிக்கொண்டே போங்கள். மறந்துபோன சத்தங்களை மூளை மறுபடி அடையாளம் கண்டுகொள்ள வாரக்கணக்கில் ஆகும். "யாரோ பின்னாலயே வராங்க" என்று அம்மா இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அவருடைய ரப்பர் செருப்புச் சத்தம்தான் அது. எத்தனையோ வருடமாக அதைக் கேட்காமலே நடந்திருக்கிறார். அன்று நான் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

7. துடைப்பது தினமும், துலக்குவது காலையில். இரவு கழற்றியதும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து வையுங்கள். ஈரக் குறும்பியைப் பிரஷ் போட்டால் அது துளைக்குள் இழுபடும். விடிவதற்குள் காய்ந்துவிடும், அப்போது கூடவே கொடுத்த சின்னப் பிரஷால் தட்டினாலே உதிரும். சத்தம் வரும் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு துலக்குவது முக்கியம். மேல்நோக்கிப் பிடித்தால் உதிர்வது எல்லாம் உள்ளேதான் போகும்.

8. சத்தம் வரும் துளையின் வாயில் கடுகளவு வெள்ளை வடிகட்டி ஒன்று இருக்கும். வேக்ஸ் கார்டு என்று கேட்டால் தருவார்கள். மெஷின் செத்துவிட்டது என்று நாம் தூக்கிக்கொண்டு ஓடுகிற பல நேரம் அடைத்திருப்பது இதுதான். மாற்றும் குச்சியில் இரண்டு முனை இருக்கும். வெறும் முனையைக் குத்திப் பழையதை வெளியே இழுக்க வேண்டும், மறுமுனையில் இருக்கும் புதியதை அதே இடத்தில் அழுத்த வேண்டும். ஊக்கு, ஊசி, தீக்குச்சி எதையும் விட்டுக் குத்தாதீர்கள். வடிகட்டிக்கு அந்தப் பக்கமே ஸ்பீக்கர் இருக்கிறது.

9. தண்ணீர், ஸ்பிரிட், சானிடைசர், டெட்டால், தேங்காய் எண்ணெய் எதுவும் மெஷின்மேல் படக் கூடாது.

10. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அன்று காதும் முடியும் நன்றாகக் காய்ந்த பிறகே மெஷின். காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுகிற பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். காதுக்கும் தேவையில்லை, மெஷினுக்கும் ஆகாது. பட்ஸும் வேண்டாம், அது குறும்பியை எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதுதான் அதிகம். முகத்துக்குப் பவுடர், தலைக்கு டை எல்லாம் முதலில் முடித்துக்கொண்டு மெஷினைக் கடைசியில் போடுங்கள்.

11. நம் ஊர்க் காற்றில் குறும்பிக்கு அடுத்த எதிரி ஈரம். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் வைகாசி வியர்வை ஒரு பக்கம், ஐப்பசி கார்த்திகை மழை ஒரு பக்கம். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, இரவு மெஷினை அதில் வையுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால், நீலம் இளஞ்சிவப்பானதும் ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று தெரியும். பாக்கெட்டில் சொன்னபடி சூடேற்றினால் மறுபடி நீலமாகும், இல்லையென்றால் புதிது வாங்குங்கள். இதைக் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரிசி டப்பா வேண்டவே வேண்டாம், மாவுத்தூள் துளையில் ஏறும். ஹேர் டிரையர், அடுப்பங்கரை, வெயிலில் நிற்கும் கார், மூன்றும் ஆகாது.

12. செல்லின் அளவை ஸ்டிக்கர் நிறத்தை வைத்தே சொல்லலாம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். காதுக்குள் போடும் சின்ன மெஷின்களுக்குப் பெரும்பாலும் முதல் மூன்றில் ஒன்று. இவை காற்றால் உயிர்பெறும் ஜிங்க் ஏர் செல்கள். ஸ்டிக்கரை உரித்து ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் முழு பலம் வரும். ஒருமுறை உரித்தால் ஓடத் தொடங்கிவிடும், மறுபடி ஒட்டி மிச்சப்படுத்தலாம் என்பது நடக்காது. ஸ்டாக்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், ஈரம் கோக்கும். இரவு பேட்டரிக் கதவைத் திறந்து வைத்தால் செல்லும் மிஞ்சும், உள்ளிருக்கும் ஈரமும் வெளியேறும். சிலிக்கா ஜெல் டப்பாவில் வைக்கும்போது செல்லை எடுத்துவிடுங்கள், செல்லும் சேர்ந்து காய்ந்துவிடும்.

13. செல்லை மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். கண் மங்கலாக இருக்கும் பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். குழந்தையோ பெரியவரோ விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால்கூட, "தானா வெளியே வரட்டும்" என்று உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உணவுக்குழாயில் மாட்டினால் அரித்துப் புண்ணாக்கிவிடும். மூக்கிலோ காதிலோ மாட்டினாலும் அப்படியே. பழைய செல்லையும் மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வைத்து அப்புறப்படுத்துங்கள்.

14. சார்ஜ் போடுகிற வகை என்றால், வாங்கும்போதே முழு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம், அது எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேளுங்கள். கரண்ட் அடிக்கடி போகிற ஊருக்கு செல் போடும் வகையே நிம்மதி என்பது என் எண்ணம்.

15. எம்.ஆர்.ஐ. அறைக்குள் மெஷின் போகவே கூடாது. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேனுக்கும் கழற்றி, டப்பாவில் போட்டுக் கூட வந்தவரிடம் கொடுங்கள்.

16. கல்யாண மண்டபத்தில் தவில் அருகே உட்கார்ந்து, தாங்காமல் கழற்றுவதுதான் மெஷின் தொலைகிற இடம். அம்மா ஒருமுறை முந்தானையில் முடிந்துவைத்தார். புடவை துவைக்கப் போய், வாளியில் ஊறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. இன்னொருவர் வீட்டில் டிஷ்யூ பேப்பரில் சுற்றி இலை ஓரம் வைத்து, இலையோடு போய்விட்டது. மேளத்துக்குத் தள்ளி, சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். சத்தத்தைக் குறையுங்கள். கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் டப்பா கைப்பையிலேயே இருக்கட்டும். டப்பா தவிர வேறெங்கும் வைப்பதில்லை என்று எங்கள் வீட்டில் சட்டமே போட்டுவிட்டோம்.

17. நாய் வளர்க்கிறீர்களா? மெஷினின் மெல்லிய விசிலும் அதிலிருக்கும் மனித வாசனையும் நாயை இழுக்கும், கடித்துவிடும். உயரத்தில் வையுங்கள்.

18. போனைக் காதுத் துளைக்கு நேராக அழுத்தாமல், சற்றுச் சாய்த்து மெஷினின் மைக் இருக்கும் இடத்துக்குக் காட்டுங்கள். இரண்டு மூன்று கோணம் மாற்றிப் பார்த்தால் தெளிவாகக் கேட்கும் இடம் பிடிபட்டுவிடும்.

19. காதில் சீழ், விடாத அரிப்பு, வலி இருந்தால் மெஷினைக் கழற்றிவிட்டு டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தள்ளிப்போடவே கூடாது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மெஷின் கடைக்கு இல்லை, அன்றே டாக்டரிடம். மற்றபடி வருடத்துக்கு ஒருமுறை கேட்கும் திறனைச் சோதித்து, அதற்கேற்ப மெஷினைத் திருத்தி வாங்குங்கள்.

20. இது வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு. மெஷின் போட்டவர் காதில் கத்தாதீர்கள். கத்தினால் சொல் சிதறித்தான் கேட்கும். முதலில் கூப்பிடுங்கள், அவர் திரும்பிப் பார்த்த பிறகு விஷயத்தைச் சொல்லுங்கள். முகத்தில் வெளிச்சம் படட்டும், வாயை மூடாதீர்கள், கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை உரக்கச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். "ஒண்ணுமில்லம்மா, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். மிக்ஸி ஓடினால் நிறுத்துங்கள், குழாய் திறந்திருந்தால் மூடுங்கள், பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொல்லுங்கள்.