குஞ்சுகளைக் காக்கும் விரால்

லிங்கி ஆறு சிரம்பான் வட்டாரத்தின் வழியாகப் பாய்ந்து, மலாக்கா நீரிணையில் கலக்கிறது. இவ்வாற்றைச் சூழ்ந்துள்ள செம்பனைத் தோட்டங்களின் கால்வாய்களிலும் குட்டைகளிலும் வாழும் நன்னீர் மீன்களுள் ஒன்று விரால். மலாய்மொழியில் இது ‘ஹருவான்’ எனப்படும்.

அறிவியலாளர்கள் விராலையும் அதன் உறவு மீன்களையும் ‘சன்னா’ என்னும் ஒரே பேரினத்தில் சேர்த்துள்ளனர். ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட இப்பேரினத்தில் ஏறத்தாழ 50 இனங்கள் உள்ளன. அவற்றுள் ‘தோமான்’ ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. ‘பூஜோக்’ நிழல் படர்ந்த காட்டோடைகளில் வாழ்கிறது. இவை அனைத்திற்கும் பாம்பின் தலையைப் போன்ற தட்டையான தலை உண்டு.

பெரும்பாலான மீன்கள் நீரிலுள்ள உயிர்வளியை மட்டுமே செவுள்களால் பெறுகின்றன. விராலுக்கோ, செவுள்களுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் தனியுறுப்பு இருக்கிறது. எனவே, அது அடிக்கடி நீர்மட்டத்திற்கு வந்து காற்றை உள்ளிழுக்கும். குட்டை வற்றினால் ஈரச் சேற்றினுள் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும். ஈரத்தரையில் நெளிந்து வேறு நீர்நிலைக்கும் செல்லும்.

இந்த உறுதியே அயல்நாடுகளில் அச்சத்தை ஏற்படுத்தியது. 2002ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக் குளமொன்றில் இப்பேரினத்தைச் சேர்ந்த மீன்கள் பெருகியிருந்தன. அவை உள்ளூர் மீன்களைத் தின்று அழித்துவிடும் என்று அஞ்சி, அதிகாரிகள் குளத்தில் நஞ்சு கலந்து அவற்றைக் கொன்றனர். அதே ஆண்டில் உயிருள்ள விரால் வகைகளின் இறக்குமதிக்கும் அந்நாடு தடை விதித்தது.

வறட்சியையும் வெல்லும் இம்மீனின் குஞ்சுகள் பெற்றோரின் காவலை நம்பியே வாழ்கின்றன. நீர்ச்செடிகளுக்கு இடையே மிதக்கும் முட்டைகளையும், அவற்றிலிருந்து வெளிவரும் குஞ்சுகளையும் பெற்றோர் காவல் காக்கும். செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீர்மட்டத்திற்கு வரும்போது, தாயோ தந்தையோ அடியில் இருக்கும். நெருங்கும் எதையும் அது சீறிப் பாய்ந்து தாக்கும்.

தூண்டிற்காரர்கள் சிலர் இந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்கின்றனர். குஞ்சுத் திரளின் நடுவே தூண்டிலை வீசினால் காவல் மீன் எளிதில் சிக்கிவிடும். ஆனால், காவலை இழந்த நூற்றுக்கணக்கான குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். ஒரு வேளைக் குழம்புக்காக ஒரு தலைமுறையே அழிந்துபோகும்.

ஆகவே, நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுத் திரளைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொள்வோம். அக்குஞ்சுகள் வளர்ந்தால்தான் நம் கால்வாய்களில் நாளையும் விரால் துள்ளும்.