தவணை முடிந்த சொகுசுக் கார்: வைத்திருப்பதா, விற்பதா?

வாகனமொன்றை லீசிங்கில் எடுக்கும்போது எவ்வளவோ விசாரிக்கிறோம். தவணை முடியும்போது எதனையும் விசாரிப்பதில்லை. "இனி நம்முடையதுதானே" என்று புத்தகத்தை வாங்கி அலுமாரியில் வைத்து விடுகிறோம். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

2019இல் பதிவான ஜெர்மன் சொகுசு மின்சாரக் காரொன்றை 2021இல் 180 இலட்சம் ரூபாவுக்கு 5 வருட இஜாரா முறையில் எடுத்தேன். இம்முறையில் இறுதிவரை வாகனம் நிறுவனத்துக்கே சொந்தம். நாம் செலுத்துவது வாடகை. முடிவில் விற்பனையாகவோ அன்பளிப்பாகவோ தனி ஒப்பந்தம் மூலமே அது நமக்குக் கைமாறும். கடைசி வாடகை கட்டிய அன்று, கடைக் கணக்குப் பார்க்கும் மகன் கேட்டார்: "வாப்பா, இப்ப உங்கட கையில 140 இலட்சம் காசு இருந்தா, போய் இதே காரை வாங்குவீங்களா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை.

140 இலட்சம் என்பது கார் சேல்காரர் ஒருவர் சொன்ன விலை. அதே ஆள் 2023இல் 230 தருவதாகச் சொன்னவர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்டது. கூடுதல் தூரம் ஓடும் புதிய மின்சாரக் கார்கள் வந்தன. பழையதின் விலை இறங்கியது. ஆனால் என் மனதில் 230தான் நின்றது. பழைய டிசைன் துணியை விலை குறைத்து விற்க மறுத்து, மூன்று பெருநாளைக்கு றாக்கையில் வைத்திருக்கும் முதலாளியைப் பார்த்துச் சிரிப்போம். நான் செய்ததும் அதுதான்.

இன்னொன்று நன்றி. 2022இல் பெற்றோல் வரிசையில் ஊரே நின்றபோது இந்தக் கார் எங்களைக் கைவிடவில்லை. (மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டியபோது அதுவும் படுத்துக்கொண்டது, அது வேறு கதை.)

பிறகு பற்றரி. இத்தகைய கார்களின் பற்றரிக்குத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 8 வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர், இதில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகிறார்கள். கொள்ளளவு 70 வீதத்துக்குக் கீழே போனால்தான் அது பேசும். எனது காருக்கு அது 2027இல் முடிகிறது. முகவர் மூலம் வராத வாகனமாயின் அந்த உத்தரவாதம் இங்கு செல்லுமா என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். பற்றரியைப் பரிசோதித்து எத்தனை வீதம் மீதி என்று அறிக்கை எடுத்தேன். 84. மோசமில்லை. ஆனால் உத்தரவாதம் முடிந்த கார் என்றால் வாங்குபவர் அதனைச் சொல்லியே விலையைக் குறைப்பார். விற்பதாயின் இந்த வருடம்தான். ரயர் செலவு தனி. பாரமான வண்டி, சீக்கிரம் தேய்கிறது.

மனைவிக்குப் பயம் வேறு. "காரை வித்தா, கடை விழுந்துட்டுது எண்டு கதை வரும்" என்றார். இது சின்ன விடயமல்ல. புறக்கோட்டையில் நம் சரக்குக் கடனில் வருகிறது. கொடுப்பவன் நம் காரையும் பார்க்கிறான்.

அதற்கும் கணக்குப் போட்டோம். 70 இலட்சத்துக்குப் பாவித்த சிறிய மின்சாரக் காரொன்று. மீதி 70 கடைக்கு. மூன்று மாதச் செக்குக்குப் பதிலாகக் காசு கொடுத்தால் துணிக்காரர் எனக்கு 4 வீதம் குறைக்கிறார். வருடத்தில் மூன்று தடவை புரண்டால் 8 இலட்சத்து 40 ஆயிரம். காசு கொடுத்து வாங்குபவனைப் பற்றி என்ன கதை வரும்?

எல்லோருக்கும் இதுவே பதில் என்று சொல்லமாட்டேன். கண்டியிலிருந்து வாரம் மூன்று தடவை கொழும்பு வரும் நண்பர் ஒருவர் வீட்டுக் கூரையில் சோலர் போட்டிருக்கிறார். கடைக்குக் கடனும் இல்லை. அவர் தனது காரை வைத்துக்கொண்டார். சரிதான்.

விற்பவர்கள் முதலில் நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதத்தைப் பெற்று, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முழு உரிமையாளர் என்ற பதிவிலிருந்து அதன் பெயரை நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை நல்ல விலை கேட்க முடியாது. நான் அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகே கார் சேல்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன்.