பூத்தலும் மலர்தலும்

பூவின் பருவங்களை அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என ஏழாக ஒப்புவிக்க அறியாத மாணவர் நம் கல்லூரியில் இலர். ஆயின் அவருட் பலர் கட்டுரை எழுதப் புகுந்தவிடத்து ‘வேம்பு மலர்ந்தது’ என்றும், ‘வாழை மலர்ந்தது’ என்றும் எழுதக் காண்கின்றோம். பூத்தல் வீட்டுச்சொல், மலர்தல் ஏட்டுச்சொல் என அவர் கருதுகின்றனர் போலும். இரண்டும் வீட்டிலும் உள, ஏட்டிலும் உள, பொருளே வேறு.

பூத்தல் மரத்தின் தொழில். மலர்தல் அரும்பின் தொழில். சித்திரையில் வேம்பு பூக்கும். அதன் அரும்புகள் மலரும். ‘பூப் பூத்தது’ என்னும் வழக்கில் பூவே எழுவாயாய் நிற்கின்றதே எனின், அங்கும் இல்லாத பூத் தோன்றியது என்பதே கருத்து. இதழ் விரிந்தது என்பதன்று. வாழையோ பூப்பதுமில்லை, மலர்வதுமில்லை. அது பொத்தி தள்ளும். தென்னை பாளை விடும். நெல் குடலையாய் இருந்து கதிர் தள்ளும். இவற்றிற்கும் பூ உண்டென்பதைத் தாவரநூல் கற்பிக்கும் ஆசிரியர் நன்கு விளக்குவர். எனினும் தோட்டக்காரர் எவரும் தம் வாழை பூத்ததென்று சொல்லார்.

உள்ளிருந்தது ஒன்று தானாகவே மேலே தோன்றுதல் என்பதே பூத்தலின் அடிப்படைப் பொருளென்று கொள்ளலாம். அடுக்களையிலும் முற்றத்திலும் வழங்குஞ் சொற்களை நோக்குக. மாரியில் ஈரம் ஊறிய சுவர் காயும்போது உப்புப் பூக்கின்றது. உப்பளத்து உப்பையோ விளைந்ததென்போம். அதிற் மனிதன் உழைப்பும் உண்டன்றோ! நெடுநாள் மூடிவைத்த சப்பாத்திற் பூஞ்சணம் பூக்கின்றது. அடுப்பிலுள்ள தணல் நீறு பூக்கின்றது. பெண்பிள்ளை பருவமடைதலைப் பூப்பு என்பதும் இப்பொருள் பற்றியே. ஊர்ப்பேச்சிற் சாமத்தியவீடு எனப்படுவது அழைப்பிதழில் ‘பூப்புனித நீராட்டு விழா’ ஆகிவிடுகின்றது.

மலர்தலோ, மூடியிருந்தது விரிதல். ஆதலின் முறுவல் பூக்கும், முகம் மலரும். இவற்றை மாற்றி ‘முகம் பூத்தது’ என்று எழுதினாற் செவி ஏற்காது.

முகத்திற் கூடாத மாற்றம் கண்ணிற் கூடும். ஆயின் பொருள் தலைகீழாய்விடும். இதனைப் பிறர்க்குக் கற்பிக்கும் நாமே ஒருமுறை தவறினோம். சில ஆண்டுகளின் முன் ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன் ‘எங்கள் வீடு’ என்னுந் தலைப்பில் எழுதிய கட்டுரையில், வெளிநாடு சென்ற தன் மாமாவைப் பற்றிக் குறிப்பிட்டு, ‘படலையிற் சத்தங் கேட்டால் அம்மம்மா எழுந்து போவார். அவரின் கண்கள் பூத்துவிட்டன’ என்று முடித்திருந்தான். அன்று நாற்பது கொப்பிகளைத் திருத்திக் களைத்திருந்தோம். மகன் வந்துவிட்டான், தாய் மகிழ்ந்தாள் என எண்ணிப் ‘பூத்து’ என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, ‘மலர்ந்து’ என மேலே எழுதினோம். மறுநாட் கொப்பியுடன் மேசையடிக்கு வந்த பையன் மெல்லச் சொன்னான்: “மாமா இன்னும் வரேல்லை, சேர்.”

நாம் வெட்டிய சொல்லை எம் கையாலேயே மீண்டும் எழுதி, குறைத்த புள்ளிகளையுங் கூட்டிக் கொடுத்தோம்.

கண் மலர்தல் மகிழ்ச்சியாலும் துயிலெழுதலாலும் நிகழ்வது. கண் பூத்தலோ நெடிது பார்த்துப் பார்வை மங்குதல். தணலின்மேல் நீறு படர்வதுபோல, ஒளி உள்ளே இருக்க, மேலே ஒரு மங்கல் படர்கின்றது. ‘பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போச்சு’ என்று கூறும் முதியவர் எவரும் இவ்விலக்கணம் படித்தவரல்லர். ஆயினும் அவர் ஒருபோதும் பிழைவிடுவதில்லை. ‘கண்ணிற் பூ விழுந்தது’ என்பது பிறிதொன்று. அது விழியில் வெள்ளைப் படிவுண்டாகும் நோயைக் குறிப்பது.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் மலைநாட்டிலும் வாழும் பழைய மாணவர், வாழைக்கும் நெல்லுக்கும் தத்தம் ஊரார் கூறும் வினைச்சொற்களை ஒரு தபாலட்டையில் எழுதியனுப்பின், எம் வகுப்புச் சுவரில் ஒட்டிவைப்போம்.