வீட்டு விருப்பமும் படங்காட்டி வினவுதலும்

ஒருவரை நோக்கி, 'உமக்கு எத்தகைய வீடு வேண்டும்?' என வினவின், 'நல்ல வீடு' என்பதே பெரும்பாலும் விடையாகும். அவ்விடையைக் கொண்டு ஒரு சுவரேனும் எழுப்புதல் இயலாது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் பொருட்டு எடுக்கப்பட்ட வீட்டுப் பட்டியல், கூரை ஓலையோ ஓடோ காங்கிரீட்டோ, சுவர் மண்ணோ செங்கல்லோ எனக் குறித்துக்கொண்டது. குடியிருப்போர் விரும்புவது யாதென அது கேட்கவில்லை. உள்ளதை எண்ணுதல் வேறு, வேண்டுவதை அறிதல் வேறு. பின்னதற்கு ஆராய்ச்சியாளர் கைக்கொள்ளும் உபாயங்களுள் ஒன்று, பலவகை வீடுகளின் படங்களைக் காட்டித் தெரிந்தெடுக்கச் செய்தல். சேலம், நாமக்கல் சமவெளியை மனத்திற்கொண்டு அம்முறையை ஈண்டு ஆராய்வாம்.

படங்களைக்கொண்டு மக்களிடம் நகரமைப்பைப் பேசுதல் சென்னை மாகாணம் முன்னரே கண்டதுதான். ஸ்காத்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் என்பார் 1914-இல் இந்தியாவிற்கு அனுப்பிய காட்சிப்படங்கள், சென்னையின்மீது குண்டெறிந்த அதே எம்டன் கப்பலால் கடலில் ஆழ்ந்தன. அவர் தளராது, புதிதாகத் திரட்டிய படங்களைக் கொண்டு 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். ஆயினும் அது கற்பித்தற்கு அமைந்த காட்சி. நாம் கருதுவதோ கேட்டறிதற்குரிய படம்.

நிற்க. படம் எளிதில் ஏமாற்றும் இயல்பினது. ஓட்டு வீட்டை மழைநாளிலும் காங்கிரீட் வீட்டை இளவெயிலிலும் ஒளிப்படம் பிடித்துக் காட்டினால், மக்கள் வீட்டையன்று, வெயிலையே தெரிந்தெடுப்பர். வாயிலில் ஒரு மோட்டார் வண்டி நின்றாலோ, கேட்கவே வேண்டா! ஆதலின் எல்லா வீடுகளையும் ஒரே அளவில், ஒரே திசையினின்று, வண்ணமின்றிக் கோட்டுப்படமாக வரைதல் நன்று. ஓரிணைப் படங்களுள் ஒன்றே ஒன்று வேறுபடல் வேண்டும்: கூரையாயின் கூரை, திண்ணையாயின் திண்ணை. விலையையும் உடன் சொல்லாவிடில் யாவரும் மாடிவீட்டையே சுட்டுவர். சித்திரை வெப்பத்தைக் காட்டவல்ல படமோ எதுவுமில்லை. பகலெல்லாம் காய்ந்த காங்கிரீட் தளத்தின்கீழ் இரவில் துயில்வது எத்தகையதென்பதை வாயாற் கேட்டே அறிதல் வேண்டும்.

இனி, இந்நிலப்பகுதிக்கே உரிய செய்தியொன்று உண்டு. சேலத்து நெசவாளர்க்கு வீடே தொழிற்சாலை. குழித்தறியில் நெய்பவர் தரையிற் பறித்த குழியிற் காலிறக்கி மிதிகட்டையை மிதிப்பர். மேல்மாடிக் குடியிருப்பில் அக்குழியை எங்ஙனம் தோண்டுவது? பாவினைத் தெருவில் நீள விரித்துக் கஞ்சியிட்டு உலர்த்துவோர்க்குத் தெருவும் வீட்டின் ஒரு கூறேயாகும். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறி வைத்திருப்போர்க்கு இடத்தோடு ஓசையும் ஒரு கவலை. 2011-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடியில் கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, முன்தாழ்வாரம் ஆகியவற்றை வகுத்தது. குடிசைவாழ்வார்க்கு அது பெரும்பேறே. எனினும் அவ்வறைகளின் வரிசையில் தறிக்கு இடமில்லை. காட்டிய படங்களுள் தறியுள்ள வீடு ஒன்றும் இல்லையேல், நெசவாளரும் இருப்பனவற்றுள் ஒன்றைச் சுட்டிவிடுவர். நாமும் அதனை அவர்தம் விருப்பமென எழுதிக்கொள்வோம். ஆதலின் படம் வரையுமுன் சில நாள் அத்தெருக்களில் இருந்து, மக்கள் எவ்விடத்து என்ன செய்கின்றனர் எனக் காணல் இன்றியமையாதது.

கேட்கும் முறையிலும் கருத்து வேண்டும். குடும்பத்தலைவர் முன்னிலையில் மகளிர் அவர் சுட்டியதையே சுட்டக்கூடும். அடுப்பங்கரையின் புகையை அறிந்தவர் அவரேயாதலின், அவரைத் தனித்துக் கேட்க. படங்களை ஒவ்வொரு வீட்டிலும் வரிசைமாற்றி வைக்க. 'ஏன்?' என்ற வினாவை ஒருபோதும் விடற்க. சுட்டிய விரலைவிடச் சொல்லிய காரணமே பெரும்பயன் தருவது.

மேலிருந்து நோக்கிய தரைப்படம் பலர்க்கு விளங்காது. அந்நிலையில் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, கொத்தனார் செய்வதுபோல் வெற்றுமனையில் முளையடித்து நூல்கட்டி, சுண்ணாம்பினால் முழு அளவில் அறைகளைக் கோடிட்டுக் காட்டலாம். அம்மையார் உள்ளே நடந்து பார்த்து, 'இங்கே அடுப்பு வைத்தால் அங்கே தறிக்கு எட்டடி போதாதே' என்பார். அக்கோட்டை அப்பொழுதே அழித்து மாற்றி வரைந்து, அளவைக் குறித்துக்கொள்க.